வயசை மட்டும் கேட்டு கீமோ ஆரம்பிக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்க அப்பாவுக்கு 76 வயசுல பெருங்குடல்ல கேன்சர்னு தெரிஞ்சப்போ டாக்டர் கேட்டது ரெண்டே கேள்வி, வயசு என்ன, நடமாட்டம் இருக்கா. நடந்துதான் உள்ள வந்தாரு, இருக்குன்னோம், கீமோ ஆரம்பிச்சாச்சு. ஆனா வீட்டுல அவர் சேர்லேர்ந்து எந்திரிக்கணும்னா ரெண்டு கையையும் ஊனி ஒரு தடவை முடியாம திரும்ப உக்காந்து அப்புறம்தான் எந்திரிப்பாரு, மூணு மாசத்துல சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிருந்துச்சு, இதை யாரும் கேக்கல, சொல்லணும்னு எங்களுக்கும் தோணல. ரெண்டாவது கீமோவுக்கு அப்புறம் பாத்ரூம்ல விழுந்துட்டாரு.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். வயசான கேன்சர் நோயாளிகளுக்குன்னே ஜி8னு ஒரு ஸ்கிரீனிங் இருக்கு, எட்டே கேள்வி, சில நிமிஷ வேலை. சாப்பாடு குறைஞ்சுதா, 3 மாசத்துல எடை எறங்குச்சா, நடமாட்டம் எப்படி, மறதி மனச்சோர்வு உண்டா, உயரத்துக்கு ஏத்த எடை இருக்கா, தினமும் மூணு மருந்துக்கு மேல போகுதா, தன் வயசுக்காரங்களோட பாத்தா உடம்பு எப்படி இருக்குன்னு அவரே நினைக்கறாரு, கடைசியாதான் வயசு. மொத்தம் 17 மார்க்ல வயசுக்கு அதிகபட்சம் 2தான், எடை எறங்காம இருந்தா 3! இதைப் படிச்சப்போ அந்தச் சட்டைதான் கண்ணு முன்னால வந்துச்சு.

மார்க் 14 அல்லது அதுக்குக் கீழ வந்தா ட்ரீட்மென்ட் வேண்டாம்னு அர்த்தம் இல்லைங்க, தயவுசெஞ்சு யாரும் அப்படி எடுத்துக்காதீங்க. இது வெறும் சல்லடை, இதுல 14க்குள்ள வந்தவங்களுக்கு உடம்பு, ஞாபகம், நடை, சாப்பாடுன்னு எல்லாத்தையும் பாக்கற முழு முதியோர் மதிப்பீடு பண்ணிட்டு அதுக்கேத்த மாதிரி மருந்தோட அளவு, பிசியோ, சத்துணவுன்னு திட்டம் போடணும். கீமோவை உடம்பு எவ்வளவு தாங்கும்னு கணிக்க கார்க்னு தனியா ஒரு ஸ்கோரும் இருக்கு, அதுல ஆறு மாசத்துல கீழ விழுந்தாரா, காது நல்லா கேக்குதான்னு கூட கேப்பாங்க.

இதெல்லாம் பேப்பர்ல மட்டும் இல்ல. 2021ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல முத்தின கேன்சர் இருந்த 70 வயசுக்கு மேற்பட்டவங்களோட மதிப்பீட்டை டாக்டர் கையில குடுத்தப்போ கடுமையான பக்கவிளைவு வந்தவங்க 51 சதவீதம், குடுக்காத இடத்துல 71. ஆறு மாசம் தாண்டி உயிரோட இருந்தவங்க கணக்குல பெருசா வித்தியாசம் இல்ல.

அப்பாவுக்கு இப்ப மருந்து அளவைக் குறைச்சுக் குடுக்கறாங்க, தாங்கிக்கறாரு. முதல் கீமோவுக்கு முன்னாடியே கேட்டிருந்தா அந்த விழுந்த காயத்தைத் தவிர்த்திருக்கலாமோன்னு மனசு அடிச்சுக்குது. உங்க மருத்துவப் பக்கத்துல இந்த எட்டு கேள்வியையும் கட்டம் கட்டிப் போடுங்க ஐயா, டாக்டர் கேக்கலைன்னாலும் வீட்டுல இருக்கறவங்க எழுதி எடுத்துட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி