வெளித் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் உள்ள என் மகன் காரைக்குடிப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் படித்தான். பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கும் பள்ளி. இரண்டாம் கட்டில் அந்தக் காலத்தில் பாத்திரம் பண்டம் போட்டுவைத்த அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் கிடையாது. கனத்த கதவு, தாழ்ப்பாள் வெளியே. கத்துகிற பிள்ளை, கையைக் கடிக்கிற பிள்ளை, உட்கார மாட்டேன் என்கிற பிள்ளை எல்லாருக்கும் அந்த அறைதான்.

என் மகனுக்குப் பேச்சு வராது. வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தினாலே அலறத் தொடங்கினான். நகம் பிய்ந்திருந்தது. பையில் ஈரக் கால்சட்டை. கேட்டதும் ஆயா மறைக்கவில்லை: "ரொம்பக் கத்துனான்மா, அடங்கட்டும்னு உள்ள விட்டுச் சாத்துனோம். பத்து நிமிஷந்தான்." அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு டீச்சர், ஓர் ஆயா. வேறு வழியை யாரும் அவருக்குச் சொல்லித்தரவும் இல்லை.

மிக்சி சத்தம், கோயில் ஒலிபெருக்கி, சொல்லாமல் மாறிப்போன வகுப்பு நேரம், எதுவும் இந்தப் பிள்ளைகளைக் குலைத்துவிடும். அதை அடம் என்று நினைத்து அடைத்தால் அழுது களைத்து ஓய்வான். பயம் மட்டும் தங்கிவிடும். சத்தமில்லாத மூலை தேவைதான். அங்கே பிள்ளை தானாகப் போகவும் வரவும் முடிய வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

"காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், அதிலும் குறையா?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். தர்மம் செய்பவரைக் கேள்வி கேட்க எங்கள் ஊரில் கொஞ்சம் கூச்சம்தான்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. அதன் 6-ஆம் பிரிவு கொடுமையிலிருந்து பாதுகாப்பு தரச் சொல்கிறது. பராமரிப்பு நிறுவன ஊழியரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஜன்னல் இல்லாத அறைக்குள் பிள்ளையைத் தாழிட்டுவிட்டு, முன்கட்டில் மின்கசிவு வந்தால் யார் ஓடிவந்து திறப்பது?

மாவட்டத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் இருக்கும் அறைகளின் வெளித் தாழ்ப்பாளைக் கழற்ற உத்தரவிடுங்கள். ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்த நேர்ந்தால் காரணத்தையும் நேரத்தையும் எழுதி, அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் சொல்லாமல் வரட்டும். பதிவேட்டோடு நிற்காமல் பின்கட்டு வரைக்கும் நடக்கட்டும். பெற்றோரைத் தனியாக விசாரிக்கட்டும். நிர்வாகி பக்கத்தில் நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே இன்னும் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் நேரில் தரும் மனுவில் பெயர் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தாய்