முறத்தில் ராகி கொட்டிப் பார்த்தேன்

காவேரிப்பட்டணம்

கண்ணு,

மலையில் பனிச்சரிவு வருமா என்று பனிக்குள் குழி வெட்டிப் பார்த்ததைப் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து அதே நினைப்புதான். அடிப்பனி சர்க்கரை மாதிரி உதிர்ந்தது என்றாய். பனி மெலிசாகக் கிடந்து, தரைப் பக்கம் கொஞ்சம் சூடும் மேலே கடுங்குளிருமாக இருந்தால், அடியில் இருப்பது மணிமணியாகிவிடும், ஒன்றோடொன்று ஒட்டாது என்று நீதான் விளக்கினாய்.

நேற்று முறத்தில் புது ராகியைப் பரப்பி, மேலே ஈரத்துண்டை மடித்துப் போட்டு, மெல்லச் சாய்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆகவில்லை. இன்னும் துளி சாய்த்ததும் துண்டு முழுசாக, ஒரே வழுக்காகத் திண்ணையில் வந்து விழுந்தது. ராகியும் கூடவே ஓடியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேலே கெட்டியாக இருக்கிறது என்று நம்பித்தானே காலை வைப்போம்!

குழிச் சுவர்ப் பனியை 30 சென்டிமீட்டர் சதுரத்துக்குத் தூணாக அறுத்து, மண்வெட்டியை மேலே வைத்து, மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளிலிருந்து 10 தட்டுவோம் என்றாய். முதல் பத்துக்குள் நறுக்கென்று வழுக்கி வந்தால் அந்தச் சரிவு வேண்டவே வேண்டாம். தாங்கினாலும் அது அந்தக் குழிக்குத்தான் பதில். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வந்ததென்று நாமும் போர் போட்டுப் புழுதியைப் பார்த்தோமே, மறந்துவிடாதே.

காலடியில் ‘தொம்’மென்று பனி அமுங்கினாலோ விரிசல் ஓடினாலோ குழியெல்லாம் எதற்கு, திரும்பிவிடு. புதுப்பனி கொட்டின மறுநாளும், காற்று அள்ளிக் குவித்த பக்கமும் அப்படித்தான். 30 டிகிரிக்கு மேல் செங்குத்தான இடத்தில் முன்னால் போனவர் தடம் இருக்கிறதே என்று போகாதே.

2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் புதைந்த 10 ராணுவ வீரர்களில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளையும் ஒருவர். ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு எடுத்தார்கள் என்றதும் டிவி முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் பிழைக்கவில்லை.

கிளம்பும்முன், புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் கருவியின் பேட்டரியைப் பார். கூட வருகிறவர்களிடமும் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப் பக்கத்தில் இருப்பவரால்தான் முடியும்.

தோட்டத்தில் மாம்பூ விட்டிருக்கிறது, பெங்களூரா மரத்தில்தான் நிறைய. பாதியில் திரும்பினாலும் சரி, இறங்கினதும் போன் பண்ணு. எந்நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா