டைம்-அவுட் ஆன பிறகு வரும் இன்டரப்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் லினக்ஸ் டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் நிரல்) எழுதுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கருவி சிபியூவை அழைக்கும் குறிப்பான இன்டரப்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழில் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனால், குறித்த நேரத்துக்குள் கருவியிடமிருந்து பதில் வராவிட்டால் (டைம்-அவுட்), அது தரவை எழுத ஒதுக்கிய மெமரியான பஃபரை விடுவித்துவிட்டுப் பிழை எண்ணைத் திருப்பிவிடலாம் என்று மாதிரி நிரலில் காட்டியிருப்பது தவறு. மாணவர்கள் அதை அப்படியே எடுத்து எழுதுவார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

டைம்-அவுட் ஆனது நமக்குத்தான் தெரியும், கருவிக்குத் தெரியாது. தண்ணீர் லாரிக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்து, வராததால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறோம். லாரிக்காரரிடம் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் தாமதமாக வந்து, கையில் இருக்கும் முகவரியில் கொட்டிவிட்டுப் போவார். புதிதாகக் குடிவந்தவர் அந்தத் தொட்டியில் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் அத்தனையும் நாசம். டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியூவின் கை படாமல், நேரே மெமரியில் எழுதும் கருவி செய்வதும் இதையேதான்.

நான் இதை அனுபவித்திருக்கிறேன். நூற்பாலை ஒன்றில் நூலின் தரம் பார்க்கும் கேமரா போர்டுக்கு நாங்கள் டிரைவர் எழுதினோம். ஒரு ஃபிரேம் (ஒரு படம்) வர 40 மில்லிசெகண்ட் ஆகும். டைம்-அவுட் 100 என்று வைத்திருந்தோம். பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு ஷிஃப்டில் மட்டும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் செயலிழந்து விழும். அதுவும் நெட்வொர்க் நிரலுக்குள், எங்கள் டிரைவருக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில். டைம்-அவுட்டை 200 ஆக்கினோம். மூன்று வாரம் அமைதி. பிறகு அந்தப் பகுதியில் ஒரு டியூப்லைட் போனதும் பழைய கதை திரும்பியது. அப்போதுதான் புரிந்தது: வெளிச்சம் குறைந்தால் கேமரா எக்ஸ்போஷரை (ஒளி வாங்கும் நேரத்தை) நீட்டுகிறது, ஃபிரேம் தாமதமாகிறது, நாங்கள் விடுவித்துவிட்ட பஃபரில் அது வந்து விழுகிறது. அந்த இடத்தை அதற்குள் நெட்வொர்க் அடுக்கு வாங்கியிருந்தது. நேரத்தைக் கூட்டியதால் பிழை போகவில்லை, அரிதாகிப் பிடிக்க முடியாமல் போனது.

எனவே டைம்-அவுட் ஆனதும் முதலில் கருவியை நிறுத்தச் சொல்ல வேண்டும். பிசிஐ என்ற இணைப்புத் தடத்தில் செருகிய கருவி என்றால், நிறுத்து என்று அதன் ரெஜிஸ்டரில் (கட்டளை எழுதும் இடத்தில்) எழுதினால் மட்டும் போதாது. அப்படி எழுதியது வழியிலேயே தங்கியிருக்கலாம். ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்தால்தான் அது போய்ச் சேர்ந்தது உறுதி. டிஎம்ஏ நின்றுவிட்டது என்று கருவியின் ஸ்டேட்டஸ் காட்டும்வரை பொறுக்க வேண்டும். இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரல்பகுதியான ஹேண்ட்லர் வேறொரு சிபியூவில் அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால், 'சின்க்ரனைஸ்_ஐஆர்க்யூ' அழைத்து அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஹேண்ட்லர் எடுக்கும் ஸ்பின்லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டை) பிடித்துக்கொண்டு இதை அழைத்தால், நம் நிரலும் ஹேண்ட்லரும் ஒன்றுக்காக ஒன்று காத்து அப்படியே நின்றுவிடும். இவ்வளவும் ஆன பிறகு, இதற்குள் வேலை முடிந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பஃபரைத் தொட வேண்டும்.

கெர்னலிலேயே இதற்கு நல்ல உதாரணம், எஸ்எஸ்டி சேமிப்பகங்களுக்கான என்விஎம்இ டிரைவர். 30 விநாடி ஆகியும் பதில் வராவிட்டால், இன்டரப்ட்தான் தவறிப்போயிருக்குமோ என்று அது, முடித்த வேலைகளைக் கருவி பதியும் கம்ப்ளீஷன் வரிசையைத் தானே போய்ப் பார்க்கிறது. பதில் அங்கே கிடந்தால் எடுத்துக்கொண்டு, லாகில் ஒரு வரி எழுதிவிட்டுத் தொடர்கிறது. இல்லாவிட்டால் அந்தக் கட்டளையைக் கைவிடச் சொல்லி அபார்ட் அனுப்புகிறது. அதற்கும் மசியவில்லை என்றால்தான் ரீசெட்.

மாதிரி நிரலில் இன்னொரு இடத்தையும் திருத்த வேண்டும். கருவிக்கு வேலையைக் கொடுத்த பிறகு, 'முடிந்தது' குறியைப் பழையபடி அழித்துவைக்கும் 'ரீஇனிட்_கம்ப்ளீஷன்' வருகிறது. கருவி வேகமாக முடித்துவிட்டால், முடிந்தது என்று ஹேண்ட்லர் போட்ட குறியை நாமே அழித்துவிட்டு, வராத இன்டரப்டுக்காக முழு நேரமும் காத்திருப்போம். அந்த வரி ஒரு படி மேலே போக வேண்டும்.

இரண்டு திருத்தங்களையும் தொடரின் அடுத்த பகுதிக்கு முன்பே வெளியிடுங்கள். டிரைவரைக் கழற்றுவது பற்றி அந்தப் பகுதியில் எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் இன்டரப்டை விடுவிக்கும்போது ஹேண்ட்லரை ஒருமுறை பொய்யாக அழைத்துச் சோதிக்கும் 'டீபக்_எஸ்ஹெச்ஐஆர்க்யூ' என்ற வசதி கெர்னலில் இருக்கிறது. மாணவர்கள் அதை இயக்கிவைத்துப் பழக அவர் இரண்டு பத்தி ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்