லைப்சிக் பீரும் கரிசல் மல்லியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வெளிவந்த ஜெர்மனிப் பயணக் கட்டுரையில், லைப்சிக் நகரத்தில் கொத்தமல்லி விதையும் உப்பும் சேர்த்துத் தயாரிக்கப்படும் 'கோஸே' என்னும் பீரைப் பற்றிய பத்தியைப் படித்தேன். நம்மூர் மசாலாவின் மீது மோகம் கொண்ட இளைஞர்கள் அண்மையில் செய்து பார்த்த புதுமை என்று கட்டுரையாளர் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். சென்ற கோடையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதே ஊரில் அதே பீரை அருந்தியவன் என்ற முறையிலும், விருதுநகர் மண்டியொன்றில் 31 ஆண்டுகள் மல்லி மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து கணக்கெழுதியவன் என்ற முறையிலும், அது புதுமையும் அன்று, அதிலுள்ள மசாலா நம்மூர்ச் சரக்கும் அன்று என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கோஸே என்பது ஹார்ட்ஸ் மலையடிவாரத்திலுள்ள கோஸ்லார் என்னும் பழைய சுரங்க நகரின் வழியாக ஓடும் சிற்றாற்றின் பெயர். பீருக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. லைப்சிக்கில் 1738ஆம் ஆண்டிலேயே அது விற்பனையானதற்குப் பதிவு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய ஆலை அரசுடைமையாகி உற்பத்தி நின்றுபோக, எஞ்சியிருந்த சிறிய ஆலையும் 1966இல் மூடப்பட்டதும் அந்தப் பீர் அடியோடு மறைந்துவிட்டது. அதன்பின், இன்னும் கிழக்கு ஜெர்மனியாக இருந்த காலத்திலேயே, லோதார் கோல்ட்ஹான் என்பவர் பாழடைந்து கிடந்த பழைய கோஸே விடுதியொன்றைப் புதுப்பித்து, முன்பு குடித்துப் பழகிய ஊர்ப் பெரியவர்களிடம் சுவை எப்படியிருந்தது என்று கேட்டறிந்து, 1986இல் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். அந்த விடுதியின் பெயர் 'ஓனே பெடெங்கன்'. 'தயக்கமே வேண்டாம்' என்று பொருள் கொள்ளலாம். இதைக் குடிக்கலாமா என்று கேட்ட வாடிக்கையாளர்களுக்கு முற்காலத்தில் பரிமாறுபவர் ஒருவர் சொன்ன பதிலே பெயராக நிலைத்ததாம். கேட்கத்தான் தோன்றும் என்பதை என் அனுபவத்திலிருந்து உறுதி கூறுகிறேன்.

ஜெர்மன் பீரில் பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பூட்டும் ஒரு கொடியின் பூ), தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்னும் 1516ஆம் ஆண்டுச் சட்டத்தை இவர்கள் மீறுவதாகவும் கட்டுரை கூறுகிறது. அது பவேரியாவின் சட்டம். லைப்சிக் இருப்பது சாக்சனியில். பிற்காலத்தில் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தபோதும், கோஸேக்கு வட்டாரத் தயாரிப்பு என்ற வகையில் விலக்கு உண்டு.

நான் அதை அருந்தியது 1842இல் திறக்கப்பட்ட பாயரிஷர் பான்ஹோஃப் என்னும் பழைய ரயில் நிலையத்தில். 2000ஆம் ஆண்டு முதல் அங்கே ஆலையும் உணவகமும் சேர்ந்து இயங்குகின்றன. உயரமான கண்ணாடிக் குவளையில், கஞ்சித் தண்ணீரில் மஞ்சளைக் கிள்ளிப் போட்டது போன்ற கலங்கிய நிறத்தில் வந்தது. முதல் மிடறில் எனக்கு நினைவு வந்தது பீர் அன்று, நீராகாரம். முதல் நாள் சோற்றில் ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் உப்பிட்டுக் கலக்கிக் குடிக்கும்போது நாவின் இருபுறமும் சுருக்கென்று ஒரு புளிப்பு ஏறுமே, அதே புளிப்பு. இதில் வியப்பில்லை, நீராகாரத்தையும் தோசை மாவையும் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர் வகைதான், கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய கோதுமை) பாதிக்குமேல் சேர்ந்த இந்தப் பீரையும் புளிக்க வைக்கிறது. உப்பு கரிப்பாகத் தெரியவில்லை; விழுங்கிய பின் உதட்டை நக்கினால் தெரிந்தது. கசப்போ அநேகமாக இல்லை. சீமைச் சோம்பில் செய்த மதுவைச் சிறிது கலந்து இதைக் குடிக்கும் வழக்கமும் அவ்வூரில் உண்டு. அக்கலவைக்கு 'மழைக்குடை' என்று பெயர். அதை நான் முயலவில்லை, ஒரு குவளையே என் வயதுக்குப் போதும்.

ஆனால் மல்லியைத்தான் தேடித் தேடிப் பார்த்தேன். மூட்டையைக் குத்தூசியால் குத்தினால் எழும் அந்த வாசம் எங்குமே இல்லை. அதற்குப் பதிலாக ஆரஞ்சுப் பழத் தோலைக் கிள்ளியது போன்ற ஒரு மணம் மூக்கில் நின்றது. வேறேதோ பழத்தைச் சேர்த்து ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் எண்ணினேன். மகன் விசாரித்துச் சொன்ன பிறகே விளங்கியது. மல்லி விதையின் எண்ணெயில் முதன்மையானது லினலூல் என்னும் பொருள். பூவும் எலுமிச்சையும் கலந்தாற்போன்ற மணம் அதற்குண்டு, சூட்டில் எளிதில் ஆவியாகிவிடும். நாம் சட்டியில் சிவக்க வறுத்து அதைப் பெரும்பாலும் புகையாக விட்டுவிட்டு, வறுபட்டதால் பிறக்கும் வேறொரு மணத்தையே மல்லி வாசம் என்கிறோம். அவர்கள் வறுப்பதில்லை. தவிர, ஐரோப்பிய மல்லி மணி சிறியது, உருண்டையானது, எண்ணெய் கூடுதலானது. நம்முடையது சற்றுப் பெரியது, நீள்வட்டமானது. நம்மூர் மசாலா என்று கட்டுரையாளர் உரிமை கொண்டாடுவதும் பொருந்தாது. மத்தியதரைக் கடலை ஒட்டிய நிலங்களில் மல்லி மிகப் பழைய சரக்கு. எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையிலேயே மல்லி மணிகள் கிடைத்திருக்கின்றன.

ஊர் திரும்பிய பின் மண்டிக்குச் சென்று, கரிசல் மல்லியில் நான்கு மணிகளை உள்ளங்கையில் வைத்து நுணுக்கி முகர்ந்து பார்த்தேன். சரக்கின் தரம் பார்க்க ஆயிரக்கணக்கான முறை செய்த வேலைதான். அந்த ஆரஞ்சுத் தோல் மணம் மெலிதாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றி, அதிலும் இருந்தது. இத்தனை ஆண்டுகளும் அதை நாங்கள் 'புதுச் சரக்கு வாசம்' என்று சொல்லி விலை வைத்திருக்கிறோம்.

மதுவைப் பரிந்துரைப்பதற்காக இதை எழுதவில்லை. வரலாறு தொடர்பான பிழை என்பதால், அடுத்த இணைப்பிதழில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டிக் கணக்கர்,
விருதுநகர்.