பதினொன்றாம் வகுப்புக் கணிதம்: பள்ளித் தாளாளருக்கும் முதல்வருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் நடந்த பெற்றோர் கூட்டத்தில், பதினொன்றாம் வகுப்புப் பெற்றோரில் சிலரை மட்டும் தனி அறையில் அமரவைத்து, ஆளுக்கோர் அச்சிட்ட தாளைக் கொடுத்துக் கையெழுத்திடச் சொன்னது தங்களுக்குத் தெரிந்ததே. கணிதத்தில் தேறாத பிள்ளையைக் கணிதம் இல்லாத பிரிவுக்கு மாற்றிக்கொள்ளவோ, அதற்கு மனமில்லை என்றால் ஆண்டு இறுதியில் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளவோ முழு மனதுடன் சம்மதிக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. முழு மனது என்ற சொல்லையும் பள்ளியே அச்சடித்துக் கொடுத்துவிட்டதால், எங்களிடம் எதிர்பார்க்கப்பட்டது கையெழுத்து மட்டும்தான். நான் கையெழுத்திடவில்லை. அன்றே எழுத்தில் கொடுத்த விண்ணப்பத்துக்கும், பின்னர் அலுவலகத்தில் நேரில் கேட்டதற்கும் பதில் கிடைக்காததால், இதே நிலையில் உள்ள மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்று இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே. எங்கள் பிள்ளைகளை அவர்கள் எடுத்த பிரிவிலேயே இருக்கவிடுங்கள். அவர்களுக்கு விட்டுப்போன அடிப்படைக் கணிதத்தைப் பள்ளி நேரத்திலோ பள்ளி முடிந்த பிறகோ சொல்லிக்கொடுங்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 91 மதிப்பெண் பெற்றவள். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் கணினி அறிவியல் பிரிவில் தாங்கள் இடம் கொடுத்தீர்கள். அதே பிள்ளை இந்த அரையாண்டில் 90க்கு 27 வாங்கியிருக்கிறாள் என்றால், எட்டு மாதத்தில் அவளுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று பொருளல்ல. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வரைபடத்துக்கு 8, செய்முறை வடிவியலுக்கு 8 என 16 மதிப்பெண் கையை ஓயாமல் பழக்கினாலே கிடைத்துவிடும். எஞ்சியவற்றிலும் கணிசமான பங்கு, பாடநூலின் எடுத்துக்காட்டுகளையும் பயிற்சி வினாக்களையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவருக்குக் கைகொடுக்கும். பதினொன்றாம் வகுப்பு அப்படி இல்லை. முக்கோணவியலில் உயரங்களும் தூரங்களும் கண்டுபிடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு முன்னால், ஆரையன் அளவு, கூட்டுக் கோணங்கள், மடங்குக் கோணங்கள், பொதுத் தீர்வு என்று ஒரே பாடத்தில் அத்தனையும் வந்து நிற்கின்றன. அங்கே மனப்பாடம் கைவிட்டுவிடும். இது என் மகளுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை அன்று அந்த அறையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களே சொல்லின.

அவளுடைய விடைத்தாளில் ஒரு கணக்கைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எல்லைகள் பாடத்தில் வரும் மூன்று மதிப்பெண் வினா அது. ஒன்றோடு எக்ஸைக் கூட்டி, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, வருவதை எக்ஸால் வகுக்க வேண்டும். எக்ஸ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது அதன் எல்லை மதிப்பு என்ன என்பது கேள்வி. விடை அரை. என் மகள், எக்ஸுக்கு நேரடியாகப் பூஜ்ஜியத்தைப் பிரதியிட்டால் பூஜ்ஜியத்தின் கீழ் பூஜ்ஜியம் வரும், ஆகவே அப்படிச் செய்யக்கூடாது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாள். அதாவது, எல்லை என்ற கருத்து அவளுக்குப் புரிந்திருக்கிறது. அடுத்த வரியில்தான் சறுக்கியிருக்கிறாள். ஒன்றும் எக்ஸும் சேர்ந்ததன் வர்க்கமூலத்தை, ஒன்றின் வர்க்கமூலம், எக்ஸின் வர்க்கமூலம் என்று இரண்டாகப் பிரித்துக் கூட்டிவிட்டாள். அதன்பின் ஒவ்வொரு படியும் ஒழுங்காகத்தான் போகிறது. தொடக்கம் தவறியதால் முடிவும் தவறிவிட்டது. அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, ஓரத்தில் ஒரு பூஜ்ஜியம். எந்த வரியில் தவறு என்று ஒரு கோடுகூடப் போடப்படவில்லை. அரசுத் தேர்வுத் துறை பொதுத்தேர்வுக்கு வெளியிடும் கணித விடைக்குறிப்பில் படிகளுக்கென்று மதிப்பெண் உண்டு என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்றிரவு நான் அவளிடம் பதினாறையும் ஒன்பதையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்கச் சொன்னேன். ஐந்து என்றாள். தனித்தனியே எடுத்துக் கூட்டச் சொன்னேன். நாலும் மூணும் ஏழு என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு விடைத்தாளை என்னிடமிருந்து வாங்கி, அந்த வரியை அவளே அடித்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டாள். அதே விடைத்தாளின் முக்கோணவியல் பகுதியிலும், இரு கோணங்களின் கூடுதலுக்கான சைன் மதிப்பை இரண்டு சைன்களின் கூடுதலாகப் பிரித்து எழுதியிருந்தாள். முப்பதும் முப்பதும் அறுபது. சைன் முப்பது அரை என்றால் சைன் அறுபது ஒன்று ஆகிவிடுமே என்று கேட்டதும் அதுவும் விளங்கியது. கூட்டலுக்கு வெளியே எது நின்றாலும் அதை உள்ளே பிரித்துக் கொடுத்துவிடலாம் என்ற ஒரே தவறான நம்பிக்கை, இரண்டு பாடங்களில் இரண்டு வேடத்தில் வந்து அவளைக் கவிழ்த்திருக்கிறது. நான் பல ஆண்டுகளுக்கு முன் பாலிடெக்னிக்கில் படித்தவன். கணிதம் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. எனக்கே கண்ணில் பட்ட இந்தத் தவறு, கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் கண்ணில் படாமல் போகாது. பார்ப்பதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்றே எண்ணுகிறேன்.

கணித ஆசிரியரை இதில் குறை சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆசிரியர் நான்கு பிரிவுகளுக்குப் பாடம் எடுத்து, வாரந்தோறும் ஸ்லிப் டெஸ்ட் வைத்து, அத்தனை தாள்களையும் திருத்தி, நடுவில் போர்ஷனையும் முடிக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு தாளிலும் தவறின் வேரைத் தேட அவரால் எப்படி இயலும்? ஆனால் அதே ஆசிரியர் மாலை நாலரை மணி முதல் ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு எடுக்கிறார். யாருக்கு? எண்பதுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளுக்கு. சென்டம் வாங்கக்கூடியவர்களைச் சென்டம் வாங்கவைப்பதற்கு. கணக்கு வராத பிள்ளைகள் நாலேகாலுக்குப் பேருந்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் கையில் ‘மெல்லக் கற்போருக்கான முக்கிய வினாக்கள்’ என்று ஒரு நகல் கட்டு. அதிலுள்ள கணக்குகளை எண் மாறாமல் உருப்போட்டு எழுதினால் தேர்ச்சி பெறலாமாம். காய்ச்சல் இல்லாதவருக்கு மருந்தும், காய்ச்சல் உள்ளவருக்கு மருந்துச்சீட்டின் நகலும் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

பிரிவை மாற்றிக்கொண்டால் பிள்ளைக்குச் சுமை குறையும் என்று அன்று அறிவுரை சொன்னீர்கள். ஜனவரி மாதத்தில் வணிகவியல் பிரிவுக்குப் போகும் பிள்ளை, ஜூன் முதல் மற்றவர்கள் படித்துவந்த கணக்குப்பதிவியலை, குறிப்பேட்டிலிருந்து பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் வரை, இரண்டு மாதத்தில் தனியாகப் படித்து ஆண்டுத் தேர்வு எழுத வேண்டும். அதில் எந்தச் சுமை குறைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. வணிகவியலைக் குறைவாக நினைத்து இதைச் சொல்லவில்லை. அதை விரும்பி எடுத்துச் சிறக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணிதத்தில் தேறாததற்குத் தண்டனையாக ஒரு பிரிவுக்குள் தள்ளப்படுவது வேறு. பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட் ஆஃபில் நூறு கணிதத்திலிருந்து வருகிறது. கணிதப் பாடத்தை விடுவது அந்த வழியையே பதினாறு வயதில் அடைப்பதாகும். அடைக்கத்தான் வேண்டும் என்றால் அவளும் நாங்களும் யோசித்து அடைத்துக்கொள்கிறோம். பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டுக்காக அதை அடைக்க வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடங்களான தொகையிடலையும் நிகழ்தகவையும் விட்டுவிட்டு, ஜனவரி முதல் பன்னிரண்டாம் வகுப்பின் அணிகளை ஆரம்பித்துவிட்டதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்துகின்றன என்ற புகாரின் பேரில்தானே 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது? மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காக, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. நல்ல நோக்கம்தான். தேர்வு போனதும் பாடமும் போய்விட வேண்டும் என்று அரசு சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்: அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். எதன் பயன்பாடுகள்? பதினொன்றாம் வகுப்பில் கற்றதன் பயன்பாடுகள். தொகையிடலே படிக்காத பிள்ளை அடுத்த ஆண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளை எதைக் கொண்டு தீர்ப்பாள்? அப்போதும் அவள் தடுமாறினால் இன்னொரு தாள் அச்சாகுமோ என்னவோ.

பள்ளி வாயிலில் இருக்கும் பிளக்ஸ் பலகையில் சென்ற ஆண்டு சென்டம் வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் உழைத்தவர்கள், அவர்களை மனமார வாழ்த்துகிறேன். ஆனால் முப்பது வாங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை அறுபதுக்குக் கொண்டுவந்த ஆசிரியரின் படத்தை எந்தப் பள்ளியின் பலகையிலும் நான் பார்த்ததில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு நூறு விழுக்காடு காட்டுவதற்கு ஒரு பள்ளி தேவையா, வடிகட்டி போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது. கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டும். அந்தத் தாளைக் கையில் வாங்கிய ஒரு தகப்பனின் நிலையிலிருந்து இதைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய ஏற்பாடு எதையும் நாங்கள் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தில் ஐம்பதுக்குக் கீழ் வாங்கிய பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து, ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்கணிதத்திலிருந்து தொடங்குங்கள். காரணிப்படுத்துதல், பின்னங்களைச் சுருக்குதல், அடுக்குக்குறி விதிகள், வர்க்கமூலங்கள், அடிப்படை முக்கோணவியல் சமன்பாடுகள் ஆகியவை சரியானால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். தேர்வு வைக்கவேண்டாம், மதிப்பெண் போடவேண்டாம். பிள்ளை எழுதிய வரிகளைப் படித்து, எந்த இடத்தில் தடம் மாறியது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டினால் போதும். ஆசிரியர்களின் நேரம் போதவில்லை என்றால், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரை அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்தலாம். அதற்கான செலவைப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளத் தயாராக இருக்கிறோம். வெளியே டியூஷனுக்கு மாதம் இரண்டாயிரம் கொடுக்கிறவர்கள்தானே நாங்கள்? அந்த டியூஷனிலும் நடத்துவது வரப்போகும் தேர்வுக்கான பாடம்தானே தவிர, விட்டுப்போன பாடம் அன்று.

ஆகவே, பிரிவு மாற்றத்துக்கான அந்தச் சம்மதக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றும், ஏற்கெனவே வாங்கிய கையெழுத்துகளின் பேரில் எந்தப் பிள்ளையையும் மாற்றக்கூடாது என்றும், அடிப்படைக் கணித வகுப்பை இந்த மாதமே தொடங்க வேண்டும் என்றும், விட்டுவிட்ட தொகையிடலையும் நிகழ்தகவையும் ஆண்டுத் தேர்வுக்கு முன் நடத்தி முடிக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன்பாக எழுத்தில் ஒரு பதில் தந்தால் மிகவும் கடமைப்பட்டவனாவேன். அதுவரை அந்தத் தாள் கையெழுத்தில்லாமல் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி ஒருவரின் தந்தை