ஒரே ஒரு கயிறு

டேய் மச்சி,

நாலு மாசமா ஒரு வரி எழுதல, கோவிச்சுக்காத. வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்க. நம்ம ஃப்ரெண்டு மொட்டையோட கல்யாண விஷயம் போன்ல சொல்றேன், அது பெரிய கதை.

போன சனிக்கிழமை ஒரு பொம்மலாட்டம் பாத்தேன்டா. பிரிட்டன்ல நிலக்கரிச் சுரங்கக் குடும்பம் ஒண்ணோட மூணு தலைமுறைக் கதை, ஒரு வார்த்தை வசனம் கிடையாது. பொம்மைன்னாலே குழந்தைங்க சமாச்சாரம்னு ஆரம்பிப்ப, தெரியும், முழுசா படி.

மொத காட்சியே இருட்டு. ஆறு வயசுப் பையன் பொம்மை, கைல ஒரு கயிறு. அப்பல்லாம் சுரங்கத்துக்குள்ள காத்து சரியா ஓடறதுக்காக நடுநடுவுல கதவு வச்சிருப்பாங்களாம், கரி வண்டி வந்தா திறந்து உடனே மூடணும், அதுக்கு இந்த மாதிரிப் பொடிசுங்களைத் தனியா உக்கார வச்சு, பல நேரம் விளக்குகூட இல்லாம, பன்னெண்டு மணி நேரம். 1842ல தான் பத்து வயசுக்குக் கீழ உள்ள பசங்க இறங்கக்கூடாதுன்னு சட்டமே வந்துச்சு. பொம்மைங்களைக் கறுப்பு டிரெஸ்ல ஆளுங்க பின்னாடி நின்னு கையாலயே ஆட்டறாங்க. நாடகம் முழுக்க இருக்கற ஒரே கயிறு அந்தப் பையன் பிடிச்சிருக்கறதுதான்டா! அவன் தூங்கி விழறப்ப பின்னாடி இருந்தவரு ரெண்டே விரலால தலையைக் கொஞ்சம் சாய்ச்சாரு, எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு.

அப்புறம் அவன் பேரன் காலம். சுரங்கத்துல இறங்கறப்ப பலகை ஆணில தொங்கற தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை எடுத்துட்டுப் போகணும், ஏறி வந்தா திரும்ப அதே ஆணில மாட்டணும், யார் இன்னும் உள்ள இருக்காங்கன்னு தெரியறதுக்கு. ஒரு நாள் சுரங்கத்துல வெடிச்சதுக்கப்புறம் அந்தப் பேரனோட பொண்டாட்டி பலகை முன்னாடி நிக்கறா. ஒவ்வொரு வில்லையா வந்து மாட்டற சத்தம். ஒரு ஆணி மட்டும் காலி. வீட்டுக்குப் போயி, தினம் அவன் குளிக்கற தகரத் தொட்டில வெந்நிய ஊத்திட்டுப் பக்கத்துல உக்காந்துடறா. 1913ல வேல்ஸ்ல செங்ஹெனித் சுரங்கத்துல ஒரே வெடிப்புல 439 தொழிலாளிங்க போயிட்டாங்கன்னு வந்து படிச்சேன். அத்தனை ஆணிடா.

பக்கத்து சீட்டுக்காரர் ரெண்டு வசனம் வச்சிருந்தா நல்லா புரிஞ்சிருக்கும்னாரு. எனக்கு வந்துச்சே கோவம், அந்தப் பொண்ணு அங்க என்ன பேசுவா?

உங்கப்பா நைட் ஷிஃப்ட் போன காலத்துல அவர் வர்ற வரைக்கும் உங்கம்மா வாசல்லயே நிப்பாங்கல்ல, நம்மகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. நாடகம் அடுத்த மாசமும் இருக்கு. அவங்களைக் கூட்டிட்டுப் போலாமா, வேணாமா? நீயே சொல்லு.