சிற்றூரிலும் இயற்பியல் கழகக் கிளை நடத்தலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இடைநிலைப்பள்ளிகளில் அறிவியல் பிரிவை எடுக்கும் நம் பிள்ளைகள் குறைகிறார்கள், 60 விழுக்காட்டினர் அறிவியல், 40 விழுக்காட்டினர் கலை என்னும் 60:40 இலக்கு எட்டாக் கனியாகவே நிற்கிறது என்ற கவலை தங்கள் நாளிதழில் அடிக்கடி வெளிவருகிறது. தீர்வு என்று வரும்போது எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) வழிகாட்டிப் பட்டறையும் தன்முனைப்பு உரையும்தான் பேசப்படுகின்றன. தொழில்முறை இயற்பியல் கழகத்தின் கிளை ஒன்றை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரிலேயே நடத்தலாம் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அது நடக்கக் கூடியதே. எப்படி நடத்தினால் நிலைக்கும், எங்கே அறுந்து போகும் என்பதை விவரமாக எழுத இடம் தர வேண்டுகிறோம்.

ஆள் கிடைக்காது என்பது முதல் தடை போலத் தோன்றும். இடைநிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர்கள், ஆய்வகப் பணியாளர்கள், செம்பனை ஆலைப் பொறியாளர்கள், மின்வாரியத் தொழில்நுட்பர்கள், ஈப்போ மருத்துவமனைகளில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எல்லாரும் இவ்வட்டாரத்தில்தான் குடியிருக்கிறார்கள். சங்கம் நடத்தும் பழக்கமும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டப் பாட்டாளிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து தோட்டங்களையே வாங்கினார்கள். குறை ஆளில் இல்லை, கூடி என்ன செய்வது என்பதில்தான் இருக்கிறது.

பல கிளைகள் உரையை மட்டுமே நம்புகின்றன. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், பிரமுகர் ஒருவர், பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம். பிரமுகர் வரத் தாமதமானால் ஏழரைக்கு அறிவித்தது எட்டரைக்குத் தொடங்கும். மறுநாள் பள்ளியுள்ள பிள்ளைகள் பாதியிலேயே எழுந்து போவார்கள். இரண்டு மூன்று உரைகளுக்குப் பிறகு பேச்சாளரும் கிடைக்க மாட்டார், பணமும் தீர்ந்துவிடும். 1874இல் ஃபிரடெரிக் கத்ரி லண்டனில் ஃபிசிக்கல் சொசைட்டியைத் தொடங்கியதே சோதனைகளைக் கூட்டத்தில் செய்து காட்டத்தான். சிற்றூர்க் கிளைக்கும் அதுவே பொருத்தம்: மாதம் ஒரு மாலை, ஓர் அளவீடு. வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி இருக்க வேண்டும்.

முதல் மாலைக்கு ஊசலே போதும். தூண்டில் கடையில் வாங்கிய ஈயக் குண்டு, 1 மீட்டர் நூல், கைப்பேசியில் உள்ள நிறுத்தற்கடிகாரம். பாடநூல் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.81 என்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில், கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊரில் அது 9.78தான். இந்த வேறுபாட்டை நம் கையால் காண முடியுமா என்பதே அன்றைய கேள்வி. 1 மீட்டர் ஊசலின் அலைவு நேரம் 9.81 என்றால் 2.006 வினாடி, 9.78 என்றால் 2.009 வினாடி. 20 அலைவு எண்ணினால் வேறுபாடு 0.06 வினாடிதான், விரல் தடுமாற்றமே அதைவிடப் பெரிது. 100 அலைவு எண்ணினால் 0.3 வினாடி கிடைக்கும். அதை ஐந்து முறை எடுத்துச் சராசரி காண வேண்டும்.

தவறுவது இரண்டு இடத்தில். நூலை ஆணியில் சுற்றினால் தொங்கும் புள்ளி அலைவோடு நகரும். இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்க வேண்டும். நீளத்தைக் குண்டு தொங்கும்போதே, குண்டின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் பிசகினால் நாம் தேடும் வேறுபாடே மறைந்துவிடும். இதைவிட ஏமாற்றக்கூடியது வீச்சு. 10 பாகை இழுத்து விட்டால் அலைவு நேரம் 0.19 விழுக்காடு கூடி, விடை 9.74 என வரும். “9.81ஐ விடக் குறைவாக வந்துவிட்டது, நிரூபித்துவிட்டோம்” என்று பிள்ளைகள் மகிழ்வார்கள், வந்த காரணமோ வேறு. வீச்சை 3 பாகைக்குள், அதாவது பக்கவாட்டில் 5 செண்டிமீட்டருக்குள் வைத்தால் இந்தப் பிழை பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சுருங்கும். சரியான முடிவு தவறான காரணத்தால் வரக்கூடும் என்பதை நான்காம் படிவ மாணவருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறில்லை என்பது எங்கள் கருத்து.

இரண்டாம் மாலைக்கு ரப்பர்த் தோட்டத்தின் மெட்ரோலாக் என்னும் மிதப்பு அளவுகருவி. ரப்பர் மரத்துப் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்க அதைப் பாலில் மிதக்கவிட்டது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ரப்பரின் அடர்த்தி 0.91 அளவுதான், ஆகவே ரப்பர் கூடினால் பால் இலேசாகும், கருவி இன்னும் ஆழமாக இறங்கும். மரத்துப் பாலுக்கும் தண்ணீருக்கும் அடர்த்தி வேறுபாடு ஏறத்தாழ 2 விழுக்காடே. உறிஞ்சுகுழலின் அடியில் களிமண் வைத்து மிதக்கவிட்டால், 15 செண்டிமீட்டர் மூழ்கும் குழல் பாலில் 3 மில்லிமீட்டர்தான் கூடுதலாக இறங்கும், கண்ணுக்கே பிடிபடாது. 30 மில்லிலிட்டர் மருந்துக் குப்பியின் மூடியில் 5 மில்லிமீட்டர் குழலைப் பொருத்தி, குப்பிக்குள் மணல் இட்டு எடை சரிசெய்தால் அதே வேறுபாடு 3 செண்டிமீட்டராகத் தெரியும். குடுவை பெரிது, தண்டு மெலிது: நுட்பம் அவ்வளவே. நுரை படிந்திருக்கும்போது அளவு எடுக்கக் கூடாது. மரவெட்டு (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது) நின்றுவிட்ட இடங்களில் உப்புநீரையும் சமையல் எண்ணெயையும் வைத்தே செய்யலாம். அன்று ஓய்வுபெற்ற மரவெட்டுத் தொழிலாளி ஒருவரை முன்வரிசையில் அமர்த்துங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொல்வது பாடநூலில் கிடைக்காது.

செம்பனை ஆலைக்குப் போகும் கிளைகள் இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. குலைகளை நீராவியில் அவிக்கும் கலனின் முன் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அழுத்தமானி 3 பார் காட்டுகிறது. அதற்குரிய நிறைவுற்ற நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 143 பாகை செல்சியஸ். கலனில் காற்று மிச்சமிருந்தால் முள் அதே 3 பாரைக் காட்டினாலும் அதில் ஒரு பங்கு காற்றின் அழுத்தம். வெப்பநிலை 143ஐத் தொடாது, காய் சரியாக வேகாது. தொடக்கத்தில் நீராவி விட்டுக் காற்றை வெளியேற்றுவது இதற்காகத்தான். போகும் குழு 15 பேருக்கு மேற்படாமல், மூடிய காலணியோடு, குலை வரத்து உச்சமாக இல்லாத மாதத்தில் போனால் நிர்வாகியும் மறுமுறை அனுமதிப்பார்.

எல்லாவற்றிலும் சிறந்தது நிழலில்லா நாள். சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டில் இருமுறை. சுங்கை சிப்புட்டில் அது ஏப்ரல் 1 அல்லது 2, பிறகு செப்டம்பர் 10. நேரம் நண்பகல் 12 அல்ல. நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது, நாமோ 101 பாகையில் இருக்கிறோம்; ஆகவே செப்டம்பரில் உச்சி வேளை பிற்பகல் 1.13. அன்று 12 மணிக்கு அளந்தால் 1 மீட்டர் கம்புக்கு 33 செண்டிமீட்டர் நிழல் விழும். அதைப் பார்த்ததும் “சோதனை தோல்வி” என்று கலைந்து போகிறவர்கள் உண்டு.

அதே நாளில் ஜொகூர் பாருவில் ஒரு குழு, அவர்களுடைய உச்சி வேளையான 1.02க்கு அளந்தால் 1 மீட்டர் கம்பின் நிழல் தெற்கே 5.8 செண்டிமீட்டர் வரும். அதன் கோணம் 3.3 பாகை. இரண்டு ஊர்களுக்கும் வடக்கு தெற்காக உள்ள தொலைவு 370 கிலோமீட்டர். 370ஐ 360ஆல் பெருக்கிக் கோணத்தால் வகுத்தால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். இங்கே கவனம் வேண்டும். வரைபடத்தில் இரண்டு ஊர்களையும் நேர்க்கோட்டில் இணைத்தால் 474 கிலோமீட்டர். ஜொகூர் பாரு கிழக்கே தள்ளி இருப்பதால் வரும் கூடுதல் அது. அந்த எண்ணைப் போட்டால் பூமி 51,000 கிலோமீட்டராகிவிடும்.

கம்பு 1 பாகை சாய்ந்தாலே நிழல் 1.7 செண்டிமீட்டர் மாறும், அதாவது 5.8இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கொத்தனாரின் தூக்குக்குண்டு இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். தரைப் பலகைக்கும் நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். சூரியன் அரைப் பாகை அகலம் கொண்டது. ஆகவே 1 மீட்டர் கம்பின் நிழல் முனை 9 மில்லிமீட்டர் வரை மங்கிக் கலங்கியிருக்கும். கம்பின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையைப் படுக்கைவாட்டில் ஒட்டினால் தரையில் 9 மில்லிமீட்டர் ஒளிவட்டம் விழும். அதன் நடுவைக் குறிக்கலாம். மேகம் மறைத்தாலும் மனம் தளர வேண்டாம். ஒரு நாள் தள்ளினால் நிழல் 6 அல்லது 7 மில்லிமீட்டர்தான் மாறும். இரு குழுக்களும் மறுநாள் அளந்து கோணங்களின் வேறுபாட்டை எடுத்துக்கொள்ளலாம். யாரும் அண்ணாந்து சூரியனைப் பார்க்கத் தேவையில்லாத சோதனை இது என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி நிர்வாகம். 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, பதிவதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் எந்தச் சங்கமும் கிளை தொடங்கக் கூடாது. தலைமையகம் அனுமதி பெற்றுத் தரும் வரை சந்தா வசூலிப்பதோ, கிளையின் பெயரில் ரப்பர் முத்திரை அடிப்பதோ வேண்டாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கை சங்கங்களின் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். கிளைக் கணக்கு தாமதமானால் தலைமையகத்துக்கும் தலைவலி. கூட்டம் நடந்த வாரத்திலேயே கூட்டக் குறிப்பை எழுதி முடிப்பதுதான் இதற்கு வழி.

செயலவையைச் சிறிதாக வையுங்கள். நம் நாட்டுச் சங்கங்கள் பலவற்றின் சட்டவிதியில் பொதுக்கூட்டக் குறைவெண் (கூட்டம் செல்ல வந்தாக வேண்டிய குறைந்த எண்ணிக்கை) என்பது உறுப்பினரில் பாதி, அல்லது செயலவையினரின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு, இதில் எது குறைவோ அது. 11 பேர் செயலவை என்றால் 22 பேர் வந்தாக வேண்டியிருக்கும். 7 பேர் என்றால் 14 போதும். எல்லாருக்கும் ஒரு பதவி கொடுத்து மகிழ்விக்கும் பழக்கம் சிற்றூர்க் கிளையை இந்த இடத்தில்தான் முடக்குகிறது. ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்றுப் போவதும் இயல்பு. வங்கிக் கையொப்பக்காரர் மாநிலம் மாறினால் கணக்கு உறைந்துவிடும். புதிய பெயரைச் சேர்க்க வங்கி கூட்டக் குறிப்பைக் கேட்கும். ஆகவே கையொப்பமிடும் மூவரில் ஒருவராவது இவ்வூரிலேயே நிலையாக இருப்பவராகட்டும். மின்னஞ்சல் செயலாளரின் சொந்த முகவரியாக இல்லாமல் கிளையின் முகவரியாக இருக்க வேண்டும்.

நாள் குறிப்பதும் ஒரு வேலைதான். மே 16 யுனெஸ்கோவின் அனைத்துலக ஒளி நாள். 1960இல் அதே நாளில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். ஆனால் நம் நாட்டில் அது ஆசிரியர் தினம், பள்ளிகள் அன்று வேறு கொண்டாட்டத்தில் இருக்கும். ஒளி நிகழ்ச்சியை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். இரவுச் சந்தை கூடும் நாளையும் கோயில் திருவிழா நாளையும் தவிர்த்து, மாதத்தின் ஒரே கிழமையில் நிலையாக நடத்தினால் அழைப்பிதழே தேவைப்படாது.

உரை அறவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆண்டுக்கு இரண்டு போதும். கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் தஞ்சோங் மாலிமிலும் பினாங்கிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆறு வாரம் முன்பே அதிகாரபூர்வக் கடிதம் அனுப்புங்கள். எண்ணெய்ச் செலவையும் டோல் கட்டணத்தையும் அன்று மாலையே கையில் கொடுத்துவிடுங்கள். பேச்சு தமிழில் இருக்கட்டும், கலைச்சொற்கள் பலகையில் மலாயிலும் எழுதப்படட்டும்; பிள்ளைகள் தேர்வு எழுதும் மொழி அது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நிழலில்லா நாள் செப்டம்பரில் சுங்கை பட்டாணிக்கு 8, சுங்கை சிப்புட்டுக்கு 10, கோலாலம்பூருக்கு 14, ஜொகூர் பாருவுக்கு 18 அல்லது 19 வாக்கில் வரும். ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின்னாகலாம். உச்சி வேளை முறையே 1.16, 1.13, 1.09, 12.59. இந்த நாள்களையும் நேரங்களையும் ஆகஸ்டு இறுதியில் ஒரு சிறு கட்டமாகத் தங்கள் நாளிதழில் வெளியிட்டால், தமிழ்ப்பள்ளி தலைமையாசிரியர்கள் தூக்குக்குண்டும் கம்பும் ஏற்பாடு செய்ய இரண்டு வார அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
இயற்பியல் கழகக் கிளைச் செயலவையினர்,
சுங்கை சிப்புட், பேராக்.